வரைபைத் திருத்தக் கொடுக்கும்போது எந்தக் கோப்பாகக் கொடுப்பது?

ஆய்வறிக்கைகளுக்கும் ஆண்டறிக்கைகளுக்கும் பக்கம் அமைத்துக் கொடுப்பது மட்டக்களப்பில் என் அன்றாட வேலை. வந்தாறுமூலையிலிருந்தும் ஒலுவிலிலிருந்தும் வரும் பல்கலைக்கழக மாணவர்கள் மழைவீழ்ச்சி, நெல் விளைச்சல், வாவி மீன்பிடி என்று ஏதாவது ஒன்றைப் பற்றிய வரைபுகளைக் கொண்டுவருவார்கள். "அண்ணன், நல்ல குவாலிட்டியிலதான் சேவ் பண்ணிரிக்கன், தலைப்ப மட்டும் மாத்தித் தாங்க" என்பது அநேகமாக எல்லோரும் சொல்வது. கோப்பைத் திறந்து தலைப்பின் மேல் சொடுக்கினால் அது எழுத்தாகவே இருக்காது. சில வேளை முழு வரைபும் ஒரே துண்டாக அசையும், சில வேளை தலைப்பின் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிக் கல்லாகக் கழன்று வரும். குவாலிட்டி என்ற சொல் இந்த இடத்தில் உதவாது. அச்சில் தெளிவாக விழுவது ஒன்று, திருத்த முடிவது வேறொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் குழப்பம் வருகிறது.

கணினி வரைகலையில் முன்பழக்கம் இல்லாதவருக்காகவே இந்தக் கட்டுரை. வரைபை ஆர், பைதன், எஸ்பிஎஸ்எஸ், எக்செல் ஆகிய, தரவை வரைபாக்கும் மென்பொருள்களில் எதில் உருவாக்கினாலும், அதை இங்க்ஸ்கேப், இலஸ்ட்ரேட்டர், கோரல் டிரோ போன்ற வடிவமைப்பு மென்பொருளில் திருத்த வேண்டியிருந்தால் இது பொருந்தும்.

நெய்த துணியும் காணிப் படமும்

மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்றைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பாருங்கள். தூரத்தில் நேர்கோடாகத் தெரிந்த கரை, ஊடும் பாவும் வெட்டிக்கொள்ளும் சிறு கட்டங்களின் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு நிறம் இருக்கிறது, அவ்வளவுதான். 'இங்கே ஒரு கோடு போகிறது' என்ற செய்தி துணியில் எங்கும் இல்லை. கணினியில் இப்படிக் கட்டம் கட்டமாக நிறத்தை மட்டும் வைத்திருக்கும் படத்தைப் புள்ளிப்படம் என்றும், அதன் ஒவ்வொரு கட்டத்தையும் படப்புள்ளி என்றும் சொல்வோம். பிஎன்ஜி, ஜேபெக் இரண்டும் புள்ளிப்படங்களே. 800 படப்புள்ளி அகலமுள்ள வரைபு ஒன்றை 3 அங்குல அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 267 புள்ளி கிடைக்கும், பார்வைக்குக் குறையில்லை. அதே கோப்பை 33 அங்குல அகலமுள்ள ஏ0 சுவரொட்டிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 24 புள்ளிதான் மிஞ்சும். துணியை இழுத்தால் புதிய நூல் முளைப்பதில்லை.

காணிப் படம் வேறு வகையானது. நில அளவையாளர் தரும் படத்தில் இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை இத்தனை மீற்றர் என்று எல்லை, அளவாக எழுதப்பட்டிருக்கும். அந்த அளவுகளை வைத்து அதே காணியை அஞ்சலட்டையிலும் வரையலாம், சுவர் முழுவதும் வரையலாம். கோடு எங்கும் கோடாகவே இருக்கும். உருவங்களை இப்படி இடமாகவும் அளவாகவும் எழுதி வைக்கும் கோப்பே வெக்டர் கோப்பு.

ஒரு சலாகை வரைபில் நவம்பர் மாத மழைக்கான சலாகை வெக்டர் கோப்புக்குள் எப்படி இருக்கும் என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். 'செவ்வகம், இடப்பக்கத்திலிருந்து 120, மேலிருந்து 90, அகலம் 24, உயரம் 210, நிறம் நீலம்' என்பதற்கு ஒப்பான ஒரே வரிதான் அது. அடுத்த சலாகை 'இடப்பக்கத்திலிருந்து 150, மேலிருந்து 195, அகலம் 24, உயரம் 105' என்றிருந்தால், நிலைக்குத்து அச்சு பூச்சியத்தில் தொடங்கும் வரைபில் அது நவம்பரின் சரிபாதி என்று கோப்பைப் படித்தே சொல்லிவிடலாம். மேலிருந்து எண்ணுவதைக் கவனியுங்கள். பாடசாலையில் வரைபுத்தாளில் கீழிருந்து எண்ணிப் பழகிய கைக்கு இது தலைகீழ். 90 உடன் 210ஐக் கூட்டினாலும் 195 உடன் 105ஐக் கூட்டினாலும் 300 வருவதால், இரண்டு சலாகைகளும் ஒரே அடிக்கோட்டில் நிற்கின்றன என்பதும் தெரிகிறது.

திருத்தம் என்பது இந்த வரியை மாற்றுவதுதான். நீலத்தைப் பச்சையாக்கினால் அந்தச் சொல் மட்டும் மாறும். உயரத்தில் கை பட்டால் தரவே மாறிவிடும்; அதைப் பின்னால் பார்ப்போம்.

சுருங்கச் சொன்னால், புள்ளிப்படம் நிறக் கட்டங்களை வைத்திருக்கிறது. வெக்டர் கோப்பு உருவங்களின் இடத்தையும் அளவையும் வைத்திருக்கிறது. தனித்தனியே தொட்டுத் திருத்தக்கூடியது இரண்டாவதுதான்.

சாக்கின் மேல் எழுதிய பெயர்

பரவலான தவறு இதற்கு அடுத்த படியில்தான் நேர்கிறது. 'பிடிஎஃப் என்றால் வெக்டர்' என்று கேள்விப்பட்டவர்கள், பிஎன்ஜியாகச் சேமித்த வரைபை வேர்ட் கோப்பில் ஒட்டி, அந்த வேர்ட் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறார்கள். சாக்கின் மேல் சம்பா என்று எழுதிவிட்டதால் உள்ளே இருக்கும் நாட்டரிசி சம்பாவாகாது. பிடிஎஃப், எஸ்விஜி, ஈபிஎஸ், ஈஎம்எஃப் என்ற கோப்பு வடிவங்கள் எல்லாமே சாக்குகள். அவற்றுக்குள் வெக்டர் உருவங்களையும் போடலாம், புள்ளிப்படத்தையும் போடலாம், இரண்டையும் கலந்தும் போடலாம். பிஎன்ஜி கோப்பின் பெயரின் முடிவை எஸ்விஜி என்று மாற்றினால் கோப்பு திறக்கவே மாட்டாது. இணையத்தில் இலவசமாக 'மாற்றித் தரும்' தளங்களில் பல, அதே புள்ளிப்படத்தை எஸ்விஜி உறைக்குள் வைத்துத் திருப்பித் தருவதோடு சரி.

இன்னும் சில தளங்கள் தடம் பற்றி வரைகின்றன. அதாவது புள்ளிப்படத்தில் நிறம் மாறும் ஓரங்களைத் தேடி, அவற்றின் மேல் கோடு இழுத்து உருவங்களாக்குகின்றன. நிறுவன இலச்சினை ஒன்றுக்கு இது ஓரளவு பயன்படும். வரைபுக்கு இதை நான் ஏற்பதில்லை. எண்கள் எண்களாக வராமல் கறுப்புத் துண்டுகளாக வருகின்றன. சலாகையின் உச்சியும் தரவு சொன்ன இடத்தில் அல்லாமல் ஓரத்தைத் தேடிய மென்பொருள் ஊகித்த இடத்தில் போய் நிற்கிறது.

சாக்கைப் பிரித்துப் பார்க்க வழி உண்டு. கோப்பைத் திறந்து ஒரு சாய்கோட்டையோ எழுத்தின் வளைவையோ 1600 வீதம் வரை பெருப்பித்துப் பாருங்கள்: விளிம்பு கூராகவே இருந்தால் வெக்டர், படிக்கட்டாகவோ மங்கலாகவோ தெரிந்தால் புள்ளிப்படம். இங்க்ஸ்கேப்பில் விளிம்புக்கோடு மட்டும் காட்டும் பார்வை ஒன்று இருக்கிறது. அதற்கு மாற்றியதும் வெக்டர் உருவங்கள் எல்லாம் மெல்லிய கோடுகளாகத் தெரியும், புள்ளிப்படம் இருக்கும் இடத்தில் மூலைக்கு மூலை குறுக்குக்கோடு போட்ட பெட்டி மட்டும் தெரியும். வரைபு முழுவதும் அப்படி ஒரே பெட்டியாகத் தெரிந்தால் மேற்கொண்டு எதையும் தேட வேண்டியதில்லை. வரைபை உருவாக்கிய மென்பொருளுக்கே திரும்பிப் போய் மறுபடி சேமிப்பதுதான் வழி.

எழுத்துக்கு என்ன நேர்கிறது

வரைபைத் திருத்தக் கொடுப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் மாற்றச் சொல்வது எழுத்தைத்தான்: தலைப்பு, அச்சுப் பெயர், விளக்கக் குறிப்பு. ஆகவே எந்தக் கோப்பு வடிவம் என்ற கேள்வியை 'எழுத்து எழுத்தாக இருக்குமா' என்று மாற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது. தமிழுக்கு இந்தக் கேள்வி இன்னும் கடுமையானது.

ஒரு வெக்டர் கோப்பு எழுத்தை மூன்று விதமாக வைத்திருக்க முடியும். பழைய ஈய எழுத்து அச்சகங்களைக் கண்டவர்களுக்கு இது எளிதில் புரியும்.

முதலாவது, கையெழுத்துப் படியை மட்டும் அச்சகத்துக்கு அனுப்புவது போன்றது. கோப்பில் 'மழைவீழ்ச்சி' என்ற சொல்லும் 'இன்ன எழுத்துருவில் இன்ன அளவில் காட்டுக' என்ற குறிப்பும் இருக்கும். திறப்பவரின் கணினி எழுத்துகளைத் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கோக்கும். சொல்லை மாற்றுவது மிக எளிது. ஆனால் அந்த எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்காரும், வரியின் நீளமும் மாறும்.

இரண்டாவது, கோத்த வரியையே, அதில் பயன்பட்ட ஈய எழுத்துகளோடு சேர்த்து அனுப்புவது. பிடிஎஃப் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. இதை எழுத்துருவை உட்பொதித்தல் என்பார்கள். யார் திறந்தாலும் வரி ஒரே மாதிரித் தெரியும். ஆனால் பெட்டியில் வந்தவை அந்த வரிக்கு வேண்டிய எழுத்துகள் மட்டுமே. 'நெல் விளைச்சல்' என்று வந்த தலைப்பை 'நெல் உற்பத்தி' ஆக்க நினைத்தால் 'உ' பெட்டியில் இல்லை.

மூன்றாவது, பெயர்ப்பலகையில் செதுக்கி அனுப்புவது. எழுத்தின் வெளிக்கோடு வெறும் உருவமாக மாற்றப்பட்டிருக்கும். கணினிக்கு அது முக்கோணம் போல இன்னோர் உருவம். எழுத்துரு இல்லை என்ற கவலையே கிடையாது. சொல்லை மாற்றவும் முடியாது. அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டும்.

தமிழ் எங்கே இடறுகிறது என்பதைக் கொக்கட்டிச்சோலை என்ற ஊர்ப்பெயரை வைத்தே காட்டலாம். யூனிகோட் முறையில் 'கொ' என்பது ககரம் முதலும் அதன் ஒகரக்குறி பின்னுமாகச் சேமிக்கப்படுகிறது. காட்டும்போதுதான் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்கின்றன. பிடிஎஃப் கோப்பு இந்த வேலை முடிந்த பிறகு, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஒவ்வொரு வடிவத்தையும் அதனதன் இடத்தில் ஒட்டி வைக்கிறது. அதை வடிவமைப்பு மென்பொருள் திறந்து, ஒட்டியிருந்த வடிவங்களைத் திரும்ப எழுத்தாக வாசிக்கப் பார்க்கும்போது 'ெகாக்கட்டிச்ேசாைல' என்று வந்து நிற்கும். எழுத்துப்பிழை என்று மாணவரைக் குறை சொல்ல முடியாது. கொம்புகளை முன்னால் கண்டது கணினி, அப்படியே எழுதிவிட்டது.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்களின் துன்பம் வேறு. எங்கள் பகுதி அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பாமினியில் எழுதிய 'மட்டக்களப்பு' கணினியின் கணக்கில் தமிழே அல்ல. கே, எல், அரைப்புள்ளி, எல், எஃப், அரைப்புள்ளி, எஃப், எஸ், ஜி, அரைப்புள்ளி, பெரிய ஜி என்ற ஆங்கில விசைகளின் வரிசைதான். பாமினி இல்லாத கணினியில் அந்த வரைபைத் திறந்தால் அச்சுப் பெயர்கள் எல்லாம் இந்த ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். வரைபில் போடும் தமிழை யூனிகோடில் தட்டச்சு செய்வது இந்தச் சிக்கலை அடியோடு நீக்கிவிடும்.

ஆகவே, திருத்துவதற்குக் கொடுக்கும் கோப்பில் எழுத்து முதலாம் விதத்தில், அதாவது சொல்லாகவும் எழுத்துருவின் பெயராகவும் இருக்க வேண்டும். எழுத்துருக் கோப்பையும் கூடவே கொடுக்க வேண்டும். பார்ப்பதற்கும் அச்சடிப்பதற்கும் கொடுக்கும் கோப்பில் இரண்டாம் விதமோ மூன்றாம் விதமோ இருக்கலாம்.

ஒரே வடிவம், வேறு வேறு உள்ளடக்கம்

எஸ்விஜியாகச் சேமித்துவிட்டால் எழுத்து எழுத்தாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. எந்தக் கருவி சேமித்தது என்பதைப் பொறுத்து அதற்குள்ளும் எழுத்து செதுக்கப்பட்டிருக்கலாம். ஆர் மென்பொருளோடு கூடவே வரும் எஸ்விஜி கருவி எழுத்தை உருவமாக்கிவிடுகிறது. எஸ்விஜிலைட் என்ற தனித் தொகுப்பு எழுத்தை எழுத்தாக விடுகிறது. அந்த எஸ்விஜிலைட்டும் இயல்பு நிலையில் ஒவ்வொரு சொல்லின் அகலத்தையும் பூட்டி வைக்கும். சொல்லை மாற்றினால் புதிய சொல் பழைய அகலத்துக்குள் நசுங்கும் அல்லது இழுபடும். எழுத்தளவைப் பூட்டும் அந்தத் தெரிவைச் சேமிக்கும்போதே நிறுத்திவிடலாம். பைதனின் மெட்பிளொட்லிப் தொகுப்பும் எஸ்விஜியில் எழுத்தை இயல்பாகவே உருவமாக்குகிறது. எஸ்விஜி எழுத்துரு வகை என்ற அமைப்பை 'நன்' (ஒன்றுமில்லை என்னும் ஆங்கிலச் சொல்) என்று மாற்றினால் சொல் சொல்லாகவே எழுதப்படும்.

சோதிப்பது மிக எளிது, ஏனெனில் எஸ்விஜி கோப்பு என்பது வாசிக்கக்கூடிய எழுத்துக் கோப்பு. அதை நோட்பேடில் திறந்து 'மழைவீழ்ச்சி' என்று தேடுங்கள். சொல் அகப்பட்டால் எழுத்து உயிரோடு இருக்கிறது. அகப்படாமல் எண்களே பக்கம் பக்கமாக ஓடினால் செதுக்கப்பட்டுவிட்டது. நான் ஒரு கோப்பை வாங்கியவுடன் முதலில் செய்வது இதைத்தான். கோப்பைக் கொண்டுவந்தவர் இன்னும் கதிரையில் இருக்கும்போதே விடை தெரிந்துவிடும்.

ஆர் மென்பொருளின் வழக்கமான பிடிஎஃப் கருவி தமிழுக்கு ஏற்றதல்ல. தமிழ் எழுத்துகளுக்குப் பதில் புள்ளிகளைப் போட்டு எச்சரிக்கை தரும். கெய்ரோ பிடிஎஃப் என்ற மற்றக் கருவியே தமிழைச் சரியாகக் கோக்கிறது.

ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். ஆர் முன்பு பிடிஎஃப் கோப்பில் சிறிய வட்டப் புள்ளிகளை வட்டமாக வரையாமல், ஸாப்ஃப் டிங்பட்ஸ் என்ற குறியீட்டு எழுத்துருவிலிருந்து ஓர் எழுத்தாக எடுத்து வைத்துவந்தது. அந்த எழுத்துரு சரியாக அகப்படாத மென்பொருளில் சிதறல் வரைபைத் திறந்தால் புள்ளிகள் இருந்த இடமெல்லாம் ஆங்கிலக் 'கியூ' எழுத்துகள் நிற்கும். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் டிங்பட்ஸைப் பயன்படுத்தாதே என்று சொல்லிச் சேமித்தால் வட்டங்கள் வட்டங்களாகவே வரும். புள்ளியும் ஓர் எழுத்தாக இருக்க முடியும் என்பதை நானும் இப்படித்தான் அறிந்துகொண்டேன், ஒரு மாலை முழுவதையும் செலவழித்து.

நான்கு சாக்குகள்

எஸ்விஜி, உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2001 இல் நியமமாக வெளியிட்ட வடிவம். இங்க்ஸ்கேப் தன் சொந்தக் கோப்புகளையே எஸ்விஜியாகத்தான் சேமிக்கிறது. இலஸ்ட்ரேட்டரும் கோரல் டிரோவும் திறக்கின்றன. எக்செலின் புதிய பதிப்புகளில் வரைபின் மேல் வலச்சொடுக்கிப் படமாகச் சேமிக்கும்போது இந்தத் தெரிவு கிடைக்கிறது. லிப்ரெ ஆஃபீஸும் தருகிறது. திருத்துவதற்கு என் முதல் தெரிவு இதுவே. ஒரு குறை உண்டு: அலகில்லாமல் எழுதிய அளவை எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. 576 என்று எழுதிய அகலத்தை அங்குலத்துக்கு 96 என்று கணக்கிடும் இங்க்ஸ்கேப் 6 அங்குலமாகக் காட்டும், அங்குலத்துக்கு 72 என்று கணக்கிடும் இலஸ்ட்ரேட்டர் 8 அங்குலமாகக் காட்டும். வரைபு 'வீங்கிவிட்டது' என்று பயப்பட வேண்டாம்; முழுவதையும் தெரிவு செய்து முக்கால் பங்காகச் சுருக்கினால் போதும்.

பிடிஎஃப், அடோபி நிறுவனம் 1993 இல் அறிமுகப்படுத்தி, 2008 இல் ஐஎஸ்ஓ நியமமாகிய வடிவம். இதன் நோக்கமே, எங்கு திறந்தாலும் பக்கம் மாறாமல் இருக்க வேண்டும் என்பது. மாறாமல் இருக்கச் செய்த ஒன்றை மாற்றப் போகும்போது கடினமாக இருப்பதில் வியப்பில்லை. இங்க்ஸ்கேப்பும் கோரல் டிரோவும் பிடிஎஃப்பைத் திறக்கும்போது எழுத்தை எழுத்தாகவா உருவமாகவா கொண்டுவருவது என்று தெரிவு தரும். ஆங்கிலத்துக்கு எழுத்து என்பதைத் தெரிவு செய்யலாம், தமிழுக்கு அதன் விளைவைக் கொக்கட்டிச்சோலையில் கண்டோம். திருத்தம் நிறம், கோட்டுத் தடிப்பு, அளவு ஆகியவற்றோடு நின்றுவிடுமானால் பிடிஎஃப் நன்றாகவே போதும்.

ஈபிஎஸ் 1980களில் வந்த பழைய வடிவம். சில ஆய்விதழ்கள் இன்னும் கேட்கின்றன, எஸ்பிஎஸ்எஸ் இன்னும் தருகிறது. ஒளி ஊடுருவும் நிறம் இதற்குத் தெரியாது. கோட்டு வரைபில் கோட்டைச் சுற்றி இளநீலமாகப் படியும் நம்பிக்கை ஆயிடைப் பட்டை (மதிப்பீடு எவ்வளவு விலகலாம் என்று காட்டுவது), ஈபிஎஸ்ஸில் காணாமல் போகும் அல்லது கோட்டையே மூடும் தடித்த நிறமாக மாறும். மைக்ரோசொஃப்ட் ஆஃபீஸ், பாதுகாப்புக் காரணத்துக்காக 2017 இல் ஈபிஎஸ் படங்களைச் செருகும் வசதியை நிறுத்திவிட்டது. யாராவது கேட்டாலொழிய இதைத் தெரிவு செய்யக் காரணம் இல்லை.

ஈஎம்எஃப் விண்டோஸுக்குரியது. வேர்டிலும் பவர்பொயின்டிலும் ஒட்டி, அங்கேயே குழுவைக் கலைத்துத் திருத்துபவர்களுக்கு உதவும். வளைவுகள் சில வேளை சிறு சிறு நேர்கோடுகளாக உடைந்து வரும். எழுத்துருவின் பெயர் மட்டுமே கூட வரும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: திருத்த எஸ்விஜி, அச்சடிக்கப் பிடிஎஃப், வேர்டுக்குள்ளேயே வேலையை முடிக்க ஈஎம்எஃப், கட்டாயப்படுத்தினால் ஈபிஎஸ்.

வெக்டர் வேண்டாத இடம்

30 ஆண்டுகளின் நாளாந்த மழையை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளியாகக் குறித்தால் ஏறத்தாழ 11,000 புள்ளிகள் வரும். எஸ்விஜியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரி. வரிக்கு 100 எழுத்து என்றாலே கோப்பு ஒரு மெகாபைட்டைத் தாண்டும். அதைக் கணினி சமாளிக்கும். அதையே பத்து நிலையங்களுக்குச் செய்தால் ஒவ்வொரு சொடுக்குக்கும் இங்க்ஸ்கேப் மூச்சு வாங்கும். இத்தகைய வரைபில் புள்ளிகளின் மந்தையை மட்டும் அங்குலத்துக்கு 300 அல்லது 600 படப்புள்ளி கொண்ட புள்ளிப்படமாக்கி, அச்சுகளையும் எழுத்தையும் வெக்டராக வைத்திருப்பதே நல்லது. மெட்பிளொட்லிப்பில் குறித்த ஓர் அடுக்கை மட்டும் புள்ளிப்படமாக்கும் தெரிவு உண்டு; ஆர் பயன்படுத்துவோருக்கு ஜிஜிராஸ்டர் தொகுப்பு இருக்கிறது. ஒரே சாக்கில் இரண்டு வகை அரிசியும் போடலாம் என்று மேலே சொன்னது குறையாக அல்ல. தெரிந்து போட்டால் அது வசதி.

திறந்த பிறகு

கோப்பு வடிவமைப்பு மென்பொருளில் திறந்ததும் எல்லாம் குழுக்களுக்குள் குழுக்களாக அடைபட்டிருக்கும். குழுவைக் கலைக்கும் கட்டளையை இரண்டு மூன்று முறை கொடுக்க வேண்டியிருக்கும். பிடிஎஃப்பில் இதோடு வெட்டுச்சட்டம் என்பதும் இருக்கும். ஜன்னல் வழியே பார்ப்பது போல, சட்டத்துக்கு உள்ளே வரும் பகுதியை மட்டும் காட்டும் கண்ணுக்குத் தெரியாத உருவம் அது. ஒரு சொல்லை நகர்த்தியதும் பாதி மறைந்தால் அந்தச் சொல் ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது என்று பொருள். சட்டத்தை விடுவித்தால் தெரியும்.

எழுத்தைத் தொடுவதற்கு முன்பே சலாகைகளையும் கோடுகளையும் புள்ளிகளையும் தனி அடுக்கில் போட்டுப் பூட்டிவிடுவது என் வழக்கம். சலாகையின் உயரத்தில் கணினிச் சுட்டி இரண்டு மில்லிமீற்றர் வழுக்கினாலும் எந்த மென்பொருளும் எச்சரிக்காது; வரைபு அழகாகவே இருக்கும், பொய்யாகவும் இருக்கும். வரைபை இடமிருந்து வலமாக மட்டும் இழுத்து நீட்டுவதும் கூடாது. எழுத்தும் வட்டமும் சப்பையாகிவிடும். அகலம் வேண்டுமென்றால் ஆரிலோ எக்செலிலோ அகலத்தை மாற்றி மறுபடி சேமிக்க வேண்டும். அச்சின் தொடக்க எண், சலாகைகளின் ஒழுங்கு, எந்த ஆண்டுகளைச் சேர்ப்பது ஆகியவையும் அப்படியே புள்ளிவிபர மென்பொருளின் வேலை. வடிவமைப்பு மென்பொருளுக்கு உரியவை நிறம், எழுத்துரு, சொல், இடைவெளி, அம்புக்குறி.

அச்சகத்துக்கு அனுப்பும் நாள்

எஸ்விஜி திரைக்காகப் பிறந்தது. அதன் நிறங்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒளிகளின் கலவை. அச்சு இயந்திரத்தில் இருப்பவை நீலப்பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள். திரையின் கறுப்பை இயந்திரத்திடம் அப்படியே விட்டால் அது நான்கு மைகளையும் கலந்து கறுப்பாக்கும். தாள் ஒரு மயிரிழை விலகினாலும் சிறிய எழுத்துகளைச் சுற்றி நிற நிழல் விழும். 'ஜனவரி', 'பெப்ரவரி' என்று 7 பொயின்ட் எழுத்தளவில் கிடையச்சின் கீழ் நெருக்கமாக நிற்கும் மாதப் பெயர்களில் இது உடனே தெரியும். இலஸ்ட்ரேட்டரிலோ கோரல் டிரோவிலோ கோப்பை நான்கு மை முறைக்கு மாற்றி, எழுத்துக்கும் அச்சுக்கோடுகளுக்கும் கறுப்பு 100 வீதம், மற்ற மூன்றும் பூச்சியம் என்று கொடுத்த பிறகே பிடிஎஃப் ஆக்குகிறேன்.

அந்தப் பிடிஎஃப்பில் தமிழை உருவமாக மாற்றிவிடுவதும் உண்டு, அச்சகக் கணினியில் என்ன எழுத்துரு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மாற்றுவது பிரதியில்தான். எழுத்து எழுத்தாக உள்ள எஸ்விஜி, பயன்படுத்திய எழுத்துரு, வரைபை உருவாக்கிய ஆர் நிரல் அல்லது எக்செல் தாள் ஆகிய மூன்றும் ஒரே உறையில், ஒரே பெயரில், மாணவரிடமே திரும்பிப் போகும். கோப்புகளை வட்ஸ்அப்பில் அனுப்புபவர்கள் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும்; படமாகப் போனால் அது வழியிலேயே சுருக்கிய ஜேபெக் ஆகிவிடும்.